பிரீ சீஸின் ‘மூக்கை’ வெட்டினால் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? பிரெஞ்சு விருந்தில் சீஸ் சாப்பிடும் முறை

பிரான்ஸில் ஒருவர் வீட்டு விருந்துக்குப் போகிறீர்கள். மெயின் டிஷ் முடிந்ததும், ஸ்வீட் வருவதற்கு முன்னால், மரப்பலகையில் நாலைந்து வகை சீஸ் வருகிறது. முக்கோணமாக, வெள்ளைத் தோலோடு, உள்ளே வெண்ணெய் போல இளகியிருக்கிறது பிரீ. கத்தியை எடுத்து அதன் கூரான முனையை ஒரே வெட்டாக வெட்டி உங்கள் தட்டில் வைத்துக்கொள்கிறீர்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லாரும் கவனித்திருப்பார்கள்.

அந்தக் கூர்முனைக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மூக்கு’. மூக்கை வெட்டுவது அங்கே பந்தி நாகரிகம் தெரியாத செயல். "ஒரு துண்டு சீஸ்தானே, இதுல என்னங்க இருக்கு?" என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது.

மூக்கில் அப்படி என்ன?

பிரீ த மோ என்ற புகழ்பெற்ற வகை, சுமார் 36 செ.மீ. அகலமுள்ள தட்டையான சக்கரமாகத் தயாராகிறது. அதன் மேல் வளரும் வெள்ளைப் பூஞ்சைதான் சீஸைப் பழுக்க வைக்கிறது. பழுப்பது வெளியிலிருந்து உள்நோக்கி நடக்கும். அதனால் தோலை ஒட்டிய ஓரத்தில் சுவை காரசாரமாகவும், நடுவில் மென்மையாகவும் இருக்கும்.

கடையில் வாங்கும் முக்கோணத் துண்டின் மூக்கு என்பது அந்தச் சக்கரத்தின் நடுப்பகுதி. அதை ஒருவரே எடுத்துவிட்டால், அடுத்தடுத்து வருபவர்களுக்குத் தோல் அதிகமாகவும் சதை குறைவாகவும் போகும். கடைசி ஆளுக்கு ஓரத்துத் தோல் மட்டும்தான். பிரியாணி அண்டாவில் பீஸை மட்டும் பொறுக்குகிறவரை நாம் எப்படிப் பார்ப்போமோ, அதே பார்வைதான் அங்கேயும்.

அப்போ எப்படி வெட்டுவது?

முக்கோணத்தின் நீளப் பக்கத்தை ஒட்டி, மூக்கிலிருந்து ஓரத்துத் தோல் வரை மெல்லிய துண்டாக வெட்ட வேண்டும். மூக்கு, நடு, தோல் மூன்றும் எல்லாருக்கும் கிடைக்கும். 250 கிராம் அளவில் சின்ன வட்டமாக வரும் கமம்பேர் சீஸை பிறந்தநாள் கேக் மாதிரி வெட்டினால் போதும். ஆட்டுப்பாலில் செய்யும் உருளை வடிவ சீஸ் என்றால் வட்ட வட்டமாக. சேன்த் மோர் த தூரேன் என்ற வகைக்குள் ஒரு வைக்கோல் குச்சி செருகியிருப்பார்கள். பதற வேண்டாம், அதை உருவிவிட்டு வெட்டலாம். மோன் தோர் சீஸ் இன்னும் சுலபம். மரப்பெட்டிக்குள்ளேயே கூழாக இருக்கும், ஸ்பூனால் அள்ள வேண்டியதுதான்.

வெள்ளைத் தோலைச் சாப்பிடலாமா என்பது பலரின் சந்தேகம். தாராளமாகச் சாப்பிடலாம். பிடிக்காவிட்டால் உங்கள் தட்டில் ஒதுக்கி வைப்பதிலும் தப்பில்லை. பலகையில் இருக்கும் சீஸின் உள்பகுதியை மட்டும் சுரண்டி எடுத்து, கூட்டை அடுத்தவருக்கு விட்டுவைப்பதுதான் மூக்கை வெட்டுவதைவிட மோசம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சீஸ் பலகை பொதுவாக ஒரே ஒரு முறைதான் சுற்றி வரும். திரும்பக் கேட்டால், முன்னால் பரிமாறிய சாப்பாட்டில் வயிறு நிறையவில்லை என்று வீட்டுக்காரர் நினைக்கக்கூடும். பொதுக் கத்தியால் எடுத்துத் தட்டில் வைத்து, பிரெட்டைக் கையால் பிய்த்து, அதன் மேல் துண்டை வைத்துச் சாப்பிடுவதுதான் முறை. பொதுக் கத்தியை வாய்க்குக் கொண்டுபோகவே கூடாது.

பரிமாறுபவர் கவனிக்க வேண்டியது

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் வைத்தால் சுவையே தெரியாது. சுமார் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். சென்னை வெயிலில் அரை மணி நேரமே அதிகம். நீலப் பூஞ்சை சீஸுக்குத் தனிக் கத்தி வேண்டும், இல்லாவிட்டால் எல்லா சீஸிலும் அதன் வாடை ஏறிவிடும்.

நாகரிகத்தைவிட முக்கியமானது, விருந்துக்கு வந்திருப்பவர் யார் என்பது. கர்ப்பிணி இருந்தால், "கொஞ்சம் டேஸ்ட் பண்ணுங்க" என்று வற்புறுத்தவே கூடாது. மென்மையான சீஸில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா வளர வாய்ப்பு உண்டு. அது கருச்சிதைவு வரை கொண்டுபோகலாம். பச்சைப்பாலில் செய்தது மட்டுமல்ல, பாலைப் பதப்படுத்திச் செய்த பிரீ, கமம்பேர் வகைகளையும் ஆவி பறக்கச் சூடாக்காமல் கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்கிறது பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்.

சைவம் சாப்பிடுபவர் வந்திருந்தால் இன்னொரு சிக்கல். பாரம்பரிய பிரெஞ்சு சீஸில் பாலைத் திரிய வைக்கச் சேர்க்கும் ரென்னட், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. பார்க்க வெறும் பால் பொருளாகத்தான் தெரியும். இந்தியாவில் விற்கும் பாக்கெட் என்றால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அட்டையைப் பிரித்துப் பலகையில் அடுக்கிய பிறகு விருந்தாளிக்கு அது தெரிய வழியில்லை என்பதால், எது சைவம் என்று பரிமாறும்போதே சொல்லிவிடுங்கள்.