ஔவையா, ஒளவையா? திரைவாசிப்பான் கேட்ட தமிழ்

'ஔவை' என்னும் பெயரைக் கணினியில் இரண்டு வகையாக எழுதலாம். ஔகாரத்தை ஒரே எழுத்தாக இடுவது ஒரு வகை. ஒகரத்தை இட்டு, அதன் பக்கத்தில் ளகரத்தை இடுவது மற்றொரு வகை. பல எழுத்துருக்களில் இவ்விரண்டையும் கண்ணால் பிரித்தறிவது அரிது. திரைவாசிப்பானோ முன்னதை 'ஔவை' என்றும் பின்னதை 'ஒ-ள-வை' என்றும் ஒலிக்கிறது. 'கௌதமன்' 'கெளதமன்' ஆவதும், துணைக்காலின் இடத்தில் ரகரம் வந்து அமர்வதும், ககரத்தின் இடத்தில் தமிழ் எண் ௧ புகுந்துகொள்வதும் இவ்வகையினவே. பார்வையுள்ள வாசகர் இவற்றைக் காணாமலே கடந்துவிடுகிறார். பார்வையற்ற வாசகர் ஒவ்வொன்றையும் கேட்டு இடறுகிறார்.

திரைவாசிப்பானின் தொடக்க வரலாற்றுக்கும் தமிழுக்கும் தொடர்பில்லை. 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜிம் தாட்சர், பார்வையற்ற தம் சக ஆய்வாளர் ஜெசி ரைட்டுடன் சேர்ந்து, டாஸ் இயங்குதளத்துக்கான வாசிப்பானை உருவாக்கினார். அன்றைய திரை 25 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்டது. அந்த எழுத்துகள் நினைவகத்தில் எழுத்துகளாகவே இருந்தமையால், அவற்றை எடுத்து ஒலிக்கச் செய்வது ஒப்பீட்டளவில் எளிது. விண்டோஸ் வந்தபின் திரை படமாயிற்று. எந்தப் புள்ளிக்கூட்டம் எழுத்து, எது பொத்தான் என்று மென்பொருள் ஊகித்தறிய வேண்டியதாயிற்று. மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978இல் விபத்தொன்றில் பார்வையிழந்த டெட் ஹென்டரின் நிறுவனம் 1989இல் டாஸுக்கும், 1995இல் விண்டோஸுக்கும் 'ஜாஸ்' வாசிப்பானை வெளியிட்டது. அதன் விலை ஆயிரம் டாலரை ஒட்டியிருந்தது. இந்திய மாணவர் ஒருவருக்கு அது கணினியின் விலையையே விஞ்சும் தொகை. இந்நிலையை மாற்றியவர்கள் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்னும் பார்வையற்ற இளைஞர் இருவர். 2006இல் கரன் எழுதத் தொடங்கிய 'என்விடிஏ' இலவசமானது. அதன் நிரல் எவரும் திருத்தக்கூடியது. பிற்பாடு அதற்குத் தமிழ் கிடைத்ததும் இத்திறந்த தன்மையினால்தான்.

புதிய கணினியைப் பழகுதல் இவ்வாசகர்க்கு நிலப்பரப்பொன்றை மனத்தில் வரைந்துகொள்வதை ஒத்தது. இன்றைய விண்டோஸில் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உள்ளமைந்த 'நரேட்டர்' பேசத் தொடங்கும். முதல்நாள் அமைப்பைப் பிறர் கைபடாமலே முடித்துவிடலாம். என்விடிஏவில் இன்சர்ட் விசையுடன் 1ஐ அழுத்தினால், அதன்பின் தொடும் விசை ஒவ்வொன்றும் தன் பெயரையும் பணியையும் சொல்லும், எதுவும் கெட்டுவிடாது. எஃப், ஜே விசைகளின் மீதுள்ள சிறு மேடுகளே விரல்களுக்குத் திசைகாட்டி. தமிழ்99 விசைப்பலகையில் எஃப் இருக்கும் இடம் மெய்யெழுத்தின் புள்ளிக்குரியது. தொட்டறியும் புள்ளியின் மீதே தமிழின் புள்ளி வந்து அமைந்தது தற்செயல்தான், ஆயினும் பொருத்தமானது. மேசைக்கணினியில் எண்விசைகளைக் கொண்டு வரிவரியாக நகரப் பழகியவர், அவ்விசைகள் இல்லாத மடிக்கணினிக்கு மாறும்போது கேப்ஸ் லாக்கைத் துணைகொண்டு வேறொரு விரல்வழக்கைக் கற்க வேண்டியிருக்கிறது. பயிற்சியின் பெரும்பகுதி இப்படி மறப்பதிலும் மீளப் பழகுவதிலும் கழிகிறது.

இனிக் குரலைப் பற்றி. 2001இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழுவினர் 'திருக்குறள்' எனப் பெயரிட்ட தமிழ்ப் பேச்சுப்பொறியை முன்வைத்தனர். ஜொனாதன் டடிங்டனின் 'ஈஸ்பீக்' பின்னர்த் தமிழையும் சேர்த்துக்கொண்டது. அதன் குரல் உலோகத்தன்மை உடையது. கேட்கும் பார்வையுள்ளோர் முகம் சுளிப்பர். பழகிய காதுகளோ அதையே பெரிதும் விரும்புகின்றன. மனிதர் பேச்சைப் போல் பலமடங்கு விரைவாக்கினாலும் அதன் ஒலிகள் சிதைவதில்லை என்பதே காரணம். பொறிக்கு உண்மையான சிக்கல் தமிழ் நெடுங்கணக்கில் இருந்தது. பகல், பங்கு, பக்கம் மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. இவற்றைச் சூழலால் விதியாக்கலாம். 'பஸ்', 'பந்து' இரண்டின் முதலெழுத்தையும் எவ்விதியாலும் பிரிக்க இயலாது, சொற்பட்டியல் வேண்டும். ஒலியனியல் பாடத்தில் படிக்கும் மாற்றொலிக் கோட்பாடு இங்கே நிரல்வரிகளாக மாறியிருப்பதை மொழியியல் மாணவர்கள் ஒருமுறை திறந்து பார்ப்பது நன்று.

குரல் கிடைத்த பின்னரும் உரை கிடைக்கவில்லை. தமிழ்க் கணினியுலகம் நெடுங்காலம் தஸ்கி, டாப், டாம், பாமினி எனப் பலவாகப் பிரிந்து கிடந்தது. பாமினியில் தட்டச்சிட்ட கட்டுரை திரையில் தமிழாகத் தோன்றும். உள்ளேயிருப்பது இலத்தீன் எழுத்துக்கோவை. வாசிப்பான் அதைப் பொருளற்ற ஆங்கில உளறலாகப் படிக்கும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் உருவான கோப்புகளில் எத்தனையோ இன்றும் மாற்றப்படாமலே உள்ளன.

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடிக் கடற்கரையில் பொழியூர் இருக்கிறது. அடுத்து நீரோடி, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று வகுக்கப்பட்ட எல்லை மாநிலங்களைப் பிரித்ததேயன்றிப் பேச்சைப் பிரிக்கவில்லை. பொழியூரிலும் பாறசாலையிலும் இரு மொழிகளும் ஒரே உரையாடலில் வருவது இயல்பு. எல்லைக்கு இப்பால் பள்ளிக் கணினிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதால், குனோமுடன் 2006 முதல் வரும் 'ஆர்க்கா' வாசிப்பான் தனிச்செலவின்றிக் கிட்டும் தூரத்துக்கு வந்தது. ஆனால் மலையாளத்துக்கும் தனக்கேயான 'ஒளவை' உண்டு. 2008இல் ஒருங்குறி 5.1 சில்லெழுத்துகளுக்குத் தனிக்குறிகள் வழங்கியதும், ஒரே சொல்லுக்குப் பழைய வடிவம், புதிய வடிவம் என இரண்டு எழுத்துக்கூட்டுகள் உண்டாயின. இருமொழி ஆவணத்தில் எப்பகுதி எம்மொழி என்று உள்ளே குறிக்கப்படாவிட்டால், வாசிப்பான் பெரும்பாலும் ஒருமொழியின் நாவால் மற்றதைப் பேசவோ விட்டுச்செல்லவோ செய்யும். நாள்தோறும் இருமொழியையும் அயர்வின்றிக் கடக்கும் எல்லைவாசிக்கு இது விந்தையாகவே தோன்றும்.

செவிவழி வாசிப்பில் இழப்பும் உண்டு. பாளையங்கோட்டையில் 1890இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியின் வழிவந்த பிரெயில் மரபில், ரகர றகரங்களும் நகர னகரங்களும் விரலுக்கு வெவ்வேறு. செவிக்கு அவை இன்று ஏறக்குறைய ஒன்றே. பிரெயிலைக் கைவிட்டுக் குரலை மட்டும் நம்பி வளர்ந்தவர் ஒற்றுப்பிழைகளுக்கு ஆளாவது அறிவுக்குறையால் அன்று. எழுத்தை அவர் தொட்டதில்லை. பல பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் இவ்வேறுபாட்டை உணராமலே மதிப்பெண்ணைக் குறைக்கிறது.

சட்டங்கள் முன்னே சென்றுவிட்டன. பார்வையற்றோர் அணுகத்தக்க நூல்வடிவங்களுக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2012இன் பதிப்புரிமைத் திருத்தமும் அதற்கு வழிவிட்டது. எனினும் தமிழாய்வு மாணவர் ஒருவர் தேடிச்செல்லும் நூல்களும் ஆய்வேடுகளும் பெரும்பாலும் பக்கப் படங்களாகவே வருடப்பட்டுக் கிடக்கின்றன. எழுத்துணரி கொண்டு உரையாக்கிய சிலவற்றிலோ ௧ ககரமாகவும் ரகரம் காலாகவும் நிற்கின்றன. மெய்ப்புப் பார்த்தவர் கண்ணால் மட்டுமே பார்த்திருப்பார். அப்படக்கோப்பு ஒன்றைத் திறந்தால் வாசிப்பான் பக்க எண்ணைச் சொல்லும். பின்னர் 'வெற்று' என்று சொல்லி நின்றுவிடும்.