வர்மமும் முதுகெலும்பும்: ஓர் எல்லைப்புற வரலாறு

1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பாமர், முதுகெலும்பைக் கையால் சீராக்கும் கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கினார். தென்திருவிதாங்கூரின் வர்ம மருத்துவத்தை 'நம்மூர்க் கைரோபிராக்டிக்' என்று இன்று சிலர் குறிப்பதுண்டு. இவ்வொப்புமை பொருந்தாது. பாமர் நோயின் வேரை முள்ளெலும்புகளின் இடப்பிறழ்வில் கண்டார்; வர்ம நூல்களோ உயிர்நிலை தங்கும் இடங்களில் கண்டன. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என அவ்விடங்கள் 108 எனப் பொதுவாக எண்ணப்படும். சுஸ்ருதர் கூறும் மர்மங்கள் 107. முதுகில் அடிபட்டவருக்கு ஆசான் முதலில் அடங்கல் தொட்டு இளக்குவார். எண்ணெய்த் தடவலும் கட்டும் பத்தியமும் பின்வரும். அடிக்கும் இடமே ஆற்றும் இடமும் ஆதலால், கற்பித்தலில் கட்டுப்பாடு மிகுந்திருந்தது.

1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. கொல்லயில், பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே மரபு அப்பக்கம் சித்த மருத்துவத்தின் கிளையாகவும், இப்பக்கம் களரியோடும் ஆயுர்வேதத்தோடும் சேர்த்தும் பேசப்படலாயிற்று. ஆசான்மாரின் ஏடுகளோ தமிழில் அமைந்தவை. இப்பக்கத்துப் பள்ளிக்கல்வி பெரிதும் தமிழில் அன்று. ஏடு வாசிக்கத் தெரிந்த தலைமுறை மறையுமாயின் கைப்பழக்கம் எஞ்சும், அதன் காரணம் எஞ்சாது. எல்லையின் இருபுறத்து ஏடுகளையும் ஒருங்கே பதிப்பிப்பதே இத்துறையில் முதலில் செய்யத்தக்க பணி.