ஷெஃபீல்டு கத்தியும் கொஞ்சம் மஸ்டர்டும்

  இன்னிக்கு ஒரு கத்தி புராணம்.

போன மாசம் இங்க ஷெஃபீல்டுல ஒரு பழைய சாமான் கடையில மூணு பவுண்டு குடுத்து காய் நறுக்கற கத்தி ஒண்ணு வாங்கினேன். மரப்பிடி, கருநீலமா இருண்டுபோன அலகு. "எவ்ளோ அழுக்கு!"ன்னு கம்பி நார் போட்டு அரை மணி நேரம் தேய்ச்சதுல கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. பெருமையா ஈரத்தோட வச்சுட்டு தூங்கப் போயிட்டேன். காலையில பார்த்தா செம்மண் பூசின மாதிரி துரு! நான் தேய்ச்சு எடுத்தது அழுக்கு இல்ல, கத்தியோட சட்டைன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

அந்தச் சட்டைக்குப் பேர் பட்டினா. சிவப்புத் துரு பொலபொலன்னு உதிரும், ஈரத்தை உள்ள விடும். ஆனா காய், பழத்துல இருக்கற அமிலமும் துவர்ப்பும் பட்டு உண்டாகற கருப்புப் படலம் இரும்போட ஒட்டிக்கும். துருவை முழுசா தடுக்காது, மட்டுப்படுத்தும்.

ஷெஃபீல்டு கத்திக்கு பேர் போன ஊர். 14-ஆம் நூற்றாண்டுல சாஸர் எழுதின கேன்டர்பரி கதைகள்லயே ஷெஃபீல்டு கத்தி வருது. 1740-கள்ல பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன்ங்கற கடிகாரக்காரர் இங்கதான் மூசையில எஃகை உருக்கி வார்க்கற முறையைக் கண்டுபிடிச்சார். ஆனா எவ்வளவு நல்ல எஃகா இருந்தாலும் எலுமிச்சை பட்டா கறுக்கும்.

விக்டோரியா காலத்து பெரிய வீடுகள்ல அந்தக் கருப்பு ஒரு அவமானம். சாப்பாட்டு மேஜைக் கத்தி பளபளன்னு இருக்கணும். அதுக்குன்னே வேலைக்காரப் பையன் இருப்பான். செங்கல் பொடியோ எமரித் தூளோ தூவின பலகையில தினமும் கத்திகளைத் தேய்க்கணும். வர்ற படலத்தை தினம் சுரண்டி எடுக்கறது, மறுநாள் அது திரும்ப வர்றது... அலகும் தேயும், பையன் கையும் தேயும். எஃகு பட்டா பழத்தோட ருசி கெடுதுன்னு பணக்காரங்க பழத்துக்கும் மீனுக்கும் வெள்ளி அலகு வச்சுக்கிட்டாங்க.

இதுக்கு முடிவு கட்டினவரும் இந்த ஊர்க்காரர்தான். ஹாரி பிரியர்லி, எஃகு உருக்குற தொழிலாளியோட மகன். துப்பாக்கிக் குழல் சீக்கிரம் அரிச்சுப் போகாம இருக்க வழி தேடினவர், 1913 ஆகஸ்ட்ல சுமார் 12.8 சதவீதம் குரோமியம் கலந்த எஃகை வார்த்தார். அதை அமிலம் லேசுல அரிக்கல. வினிகர், எலுமிச்சைச் சாறுக்கும் அசையல. கத்திக்கு ஆகும்னு அவர் சொன்னா, உள்ளூர் கத்திக்காரங்க முதல்ல "வெட்டாத கத்தி கண்டுபிடிச்சவர்"னு கிண்டல் பண்ணாங்களாம் :-) 1920-கள்ல அதே ஸ்டெயின்லெஸ் மேஜைக்கு மேஜை வந்தாச்சு. கத்தி தேய்க்கற பையனுக்கும் விடுதலை.

இப்போ கதை தலைகீழ். சுலபமா சாணை பிடிக்கலாம், நல்லா கூர் ஏறும்னு கார்பன் எஃகைத் தேடி வாங்கறவங்க, அந்தக் கறையை வேணும்னே வரவழைக்கறாங்க. நானும் செஞ்சேன். சோப்பு போட்டுக் கழுவி, எண்ணெய்ப்பசை இல்லாம துடைச்சு, வெதுவெதுப்பான வினிகர்ல பதினஞ்சு நிமிஷம். அப்புறம் விரலால அங்கங்க மஸ்டர்ட் தொட்டு வச்சுக் காயவிட்டுக் கழுவினா மேகம் மாதிரி கோலம். உருளைக்கிழங்குல சொருகி வச்சாலும் கறை பிடிக்கும். கடைசியா துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய்.

மஸ்டர்ட் காயறப்பதான் பாட்டியோட அருவாமனை ஞாபகம் வந்துச்சு. வாழைப்பூவும் வாழைக்காயும் நறுக்கி நறுக்கி கன்னங்கரேல்னு இருக்கும். "ஈரத்தோட வைக்காதடா"ன்னு புடவைத் தலைப்பால துடைச்சு வைப்பாங்க. வினிகர் இல்ல, மஸ்டர்ட் இல்ல, முப்பது வருஷ சமையல் போட்ட கருப்பு அது. பாட்டி போனப்புறம் அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டோம்.

நேத்து போன்ல அம்மாகிட்ட, "ஏம்மா அதைப் போட்டோம்?"னு கேட்டேன்.

"நீதானடா அசிங்கமா கருப்பா இருக்குன்னு சொன்னே!"

பதில் சொல்ல வாய் வரல. உங்க வீட்டுல இன்னும் ஒண்ணு இருந்தா, தயவுசெஞ்சு தேய்ச்சுடாதீங்க.