வானம் வகுத்த பன்றி வேட்டை

தொண்டை நாட்டின் வறண்ட காடுகளில் வாழ்ந்த எயினர் என்னும் வேடர்களுடைய இரவு வேட்டையொன்றைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் வருணித்திருக்கிறார். நீரைத் தேடி மிருகங்கள் வரும் இடத்தில் குழி தோண்டி, அதனுள்ளே உடம்பை ஒடுக்கி மறைந்துகொண்டு, அகத்திப் பூவைப் போல வளைந்த கொம்புடைய பன்றி எப்பொழுது வரும் என்று அவர்கள் நடுநிசியில் காத்திருப்பார்களாம். அந்த வேட்டை வாய்க்காவிட்டால் பகலில் நாய்களை அழைத்துக்கொண்டு முயல் பிடிக்கப் போவார்களாம். இந்தக் காட்சியை மழை பெய்யாத காலத்தில் நிகழ்வதாகப் புலவர் குறிப்பிட்டிருப்பது வெறும் அலங்காரம் அன்று. பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும் சக்தி இல்லையென்றே சொல்லலாம். ஆகையால் கோடையில் அது பகலெல்லாம் புதர் நிழலில் கிடந்து, இரவில் நீரையும் சேற்றையும் நாடி வந்தே தீர வேண்டும். எங்கும் சுனைகள் நிரம்பியிருக்கும் மாதங்களில் அது எந்தச் சுனைக்கு வரும் என்று யார் சொல்ல முடியும்? வானம் பொய்த்துக் காடெங்கும் வற்றி, இரண்டொரு குழிகளில் மட்டும் நீர் எஞ்சியிருக்கும்பொழுது, வேடன் தேடி அலைய வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தால் போதும்.

மலைநாட்டுக் குறவர்களுடைய பன்றி வேட்டையோ இதற்கு நேர் மாறாக, மழையினால் உண்டானது. புறநானூற்றின் 168-ஆம் பாட்டிலே, குறுநில மன்னன் பிட்டங்கொற்றனுடைய மலையைப் பாடிய கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார், காட்டுப்பன்றி கிழங்குக்காகக் கிளறிப் புழுதியாக்கிய நிலத்தில், ஏர் பூட்டி உழாமலே, நல்ல நாளும் ஈரப் பதமும் பார்த்துக் குறவர்கள் தினை விதைத்த செய்தியைச் சொல்லுகிறார். காய்ந்து இறுகிய மண்ணைப் பன்றியின் மூக்கு எளிதில் கிளறிவிடாது. மண் நனைந்து நெகிழ்ந்த பிறகுதான் கிழங்கும் புழுவும் அதற்குக் கைகூடும். இப்படிச் சம்பளமில்லாத உழவனாக வந்து வேலை செய்துவிட்டுப் போன அந்தப் பிராணியே, தினை விளைவதற்கு வேண்டிய ஏறக்குறைய மூன்று மாதங்கள் கழிந்தவுடன், கதிரைத் தின்னும் திருடனாக அதே புனத்துக்குத் திரும்பி வருகிறது. குறிஞ்சித் திணைக்குரிய காலமாகக் கூதிரையும் முன்பனியையும், அதாவது ஐப்பசி முதல் தை வரையுள்ள மாதங்களையும், சிறுபொழுதாக நள்ளிரவையும் தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். காதலர் சந்திப்பை எண்ணியே அதனை வகுத்தார் என்று உரையாசிரியர் வழியில் நாம் படித்து வருகிறோம். படிப்பதில் பிழையில்லை, ஆனால் அந்த மாதங்களும் அந்த யாமமும் மலைப்பயிருக்குப் பன்றியினால் அபாயம் நேரும் காலமாகவும் இருந்தன என்பதையும் உடன் சேர்த்து நினைத்தால், தலைவன் வரும் வழியைக் குறித்துத் தோழி அஞ்சுகிற அச்சத்துக்குச் சதையும் இரத்தமும் உண்டாகும்.

பகலில் பெண்கள் தட்டையும் கவணும் கொண்டு கிளியோட்டினார்கள். இரவுக் காவல் ஆண்களுடையது. பரண்மேல் அமர்ந்து கூவுவதும் கொள்ளிக் கட்டையை வீசுவதும் வானம் வெளுத்திருக்கும் இரவுகளில் பயன்படும். கொட்டும் மழையிலே நெருப்பும் நில்லாது, கூவலும் கேளாது. அப்படிப்பட்ட இரவுகளில் மனிதனுக்குப் பதிலாகக் காவல் இருந்தது அடார் என்னும் பொறி. கனத்த கற்பலகையொன்றைச் சிறு முட்டின்மேல் சாய்த்து நிறுத்தி, பன்றி இடித்தவுடன் அது மேலே விழும்படி அமைப்பார்கள். பன்றிக்கு என்று வைத்த அடாரில் புலி அகப்பட்ட செய்தி நற்றிணையின் 119-ஆம் பாட்டில் வருகிறது. தினையைக் காக்க எண்ணியவனுக்கு அது அதிர்ஷ்டமா, வீண் வேலையா என்பதைப் புலவர் சொல்லவில்லை.

அதே நூலின் 98-ஆம் பாட்டில் பாண்டிய மன்னர் உக்கிரப் பெருவழுதி காட்டுகிற பன்றி, பொறி வைத்த குறுகிய வழியில் நுழையும் சமயத்தில் பக்கத்திலே பல்லி ஒலிக்கக் கேட்டு, மெல்ல மெல்லப் பின்வாங்கித் தன் குகைக்குத் திரும்பிவிடுகிறது. மன்னர் சகுன சாஸ்திரத்தை மிருகத்துக்கும் கற்பித்துவிட்டார் என்று புன்னகை கொள்ளலாம். என் அபிப்பிராயத்தில், அங்கே பன்றியைத் திருப்பியது பல்லியன்று, காற்று. சூரியன் மறைந்த பிறகு மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும், பகலில் வெப்பமடைந்த காற்று மேல்நோக்கி ஏறும். ஆகவே தெளிந்த இரவில் பள்ளத்திலிருந்து புனத்துக்கு ஏறி வருகிற பன்றி, பரணில் இருப்பவனுடைய வாடையைத் தூரத்திலேயே முகர்ந்துவிடும். மேட்டுக் காட்டிலிருந்து இறங்கி வருவதற்கோ அந்த எச்சரிக்கை கிடையாது. புயலும் மழையும் வந்தால் இந்த ஒழுங்கு குலைந்து, இரு தரப்பாருக்கும் கணக்குத் தவறிவிடும்.

வடக்கே, கங்கைக் கரையின் பள்ள நிலங்களில் குதிரைமேல் ஏறி ஈட்டியால் பன்றியைக் குத்திய வெள்ளைக்காரச் சேனாதிகாரிகளும் பருவத்துக்குக் கட்டுப்பட்டவர்களே. மழைக்காலத்தில் அந்நிலங்களை வெள்ளம் மூடும்; வெள்ளம் வடிந்தபின் ஆளுயரப் புல் மூடும். புல் அறுக்கப்பட்டும் எரிக்கப்பட்டும் வெளி தெரிந்த பிறகே குதிரை ஓட இடமுண்டாகும். மீரட்டில் இதற்கென்றே நடந்த காதிர் கோப்பைப் பந்தயத்தில் 1883-ஆம் ஆண்டு வென்றவர், பின்னாளில் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல். குறவன் பசிக்கும் பயிருக்கும் செய்ததை இவர்கள் விளையாட்டாகச் செய்தார்கள். அதைப்பற்றி அதிகம் எழுத எனக்கு உற்சாகமில்லை.

தெற்கேயோ, 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக்கிப் புன விவசாயத்தையும் வேட்டையையும் ஒருங்கே ஒடுக்கிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பன்றியையும் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. மலையடிவாரத்திலோ தினையின் இடத்தில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் மரவள்ளியும் வந்துவிட்டன. பன்றி வருவது மட்டும் நிற்கவில்லை. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழக அரசு, காப்புக்காட்டு எல்லைக்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்றும், ஒரு கிலோமீட்டருக்குள் சுடுதல் கூடாது என்றும், இடைப்பட்ட தூரத்தில் அகப்படுபவற்றைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும் என்றும் விதித்தது. தூரத்தை அளந்தவர்கள் பருவத்தையும் அளந்திருக்கலாம். ஐப்பசி மழையில் மண் நெகிழும்பொழுது வரும் பன்றியும், பங்குனியில் சுனை வற்றியதனால் இறங்கும் பன்றியும் ஒரே காரணத்துக்காக வருவன அல்ல. பின்னதற்குக் காட்டினுள்ளே ஒரு குட்டையை வெட்டி நீர் நிறுத்தினாலே அதன் வரவு குறையக்கூடும். அதிகாரிகள் அடுத்த முறை விதிகளைத் திருத்த உட்காரும்பொழுது, நிலப்படத்தோடு மழைக் கணக்கையும் மேசைமேல் விரித்துக்கொள்ளட்டும்.