மூதூரும் ஒரு சட்டச் சொல்லும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் இருப்பது மூதூர். 2006-ம் ஆண்டு ஆகஸ்ட் 4-ந் திகதி, 'அக்சன் பாம்' என்ற பிரெஞ்சு நிவாரண நிறுவனத்தின் பதினேழு ஊழியர்கள் அங்கே தங்கள் அலுவலக முற்றத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம்; நால்வர் பெண்கள். கடற்கோளில் அனைத்தும் இழந்தோருக்குத் தொண்டு செய்ய வந்தவர்கள் அவர்கள். பொறுப்பு அரசுப் படையினரைச் சாரும் எனப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு கூறிற்று, அரசு மறுத்தது. ஜனாதிபதி விசாரணைக் குழுவொன்று கூடியது, கலைந்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை.

இதனை இனப்படுகொலை என்று கூறலாமா? நம் மேடைகளில் இச்சொல் மிக எளிதாகப் புழங்குகிறது. ஆனால் துக்கத்தின் மொழி வேறு, குற்றவியற் சட்டத்தின் மொழி வேறு.

போலந்து நாட்டு யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் 1944-ம் ஆண்டில் ஆக்கிய சொல் இது. 1948 டிசம்பர் 9-ந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கை அதற்கு இலக்கணம் வகுத்தது. தேசிய, இன, மரபின, மதக் கூட்டமொன்றை, அது அக்கூட்டமாயிருக்கும் காரணத்துக்காகவே, முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் எண்ணத்துடன் கொல்லுதல், உடலுக்கோ உள்ளத்துக்கோ கொடுந்தீங்கு இழைத்தல், உயிர்வாழ இயலா நிலைமைகளைத் திணித்தல், பிறப்பைத் தடுத்தல், குழந்தைகளைப் பறித்து வேறு கூட்டத்திடம் சேர்த்தல் ஆகியவையே அக்குற்றம். அரசியற் கூட்டங்களும் பண்பாட்டழிப்பும் பேச்சுவார்த்தையின்போது நீக்கப்பட்டன. ஒவ்வோர் அரசும் தன் வீட்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டே வரைவைத் திருத்தியது என்பது நம் எண்ணம்.

அனைத்தும் அந்த 'எண்ணம்' என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது. பிணங்களின் தொகையன்று, கொன்றவனின் உட்கருத்தே அளவுகோல். ருவாண்டா நீதிமன்றம் 1998-ம் ஆண்டு அக்காயேசு வழக்கில், அவ்வெண்ணத்தைப் பேச்சிலிருந்தும் செயலிலிருந்தும் ஊகித்தறியலாம் என்றது. ஹேக் நகர சர்வதேச நீதிமன்றமோ, கண்ட நிகழ்ச்சிகளுக்கு அது ஒன்றே நியாயமான விளக்கமாக இருக்கவேண்டும் என்கிறது. அத்தராசில் மூதூரை மட்டும் தனியே வைத்தால் தட்டு தாழாது.

மாவட்டத்தின் கதை நீண்டது. 1921-ம் ஆண்டுக் குடிமதிப்பில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாயிருந்த சிங்கள மக்கள் 1981-ல் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காயினர். கந்தளாய், அல்லைக் குடியேற்றங்கள் இதற்கு முக்கிய காரணம். வந்தவர்களிற் பலர் நிலமற்ற ஏழை உழவரே. அவர்கள்மீது நமக்குப் பகையில்லை, திட்டம் தீட்டியவர்களையே கேட்கிறோம். 1996-ல் கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்தில் இருபதுக்கு மேற்பட்ட கிராமத்தவர் கொல்லப்பட்டனர். இருபதாண்டு கழித்து 2016-ல் அநுராதபுர நீதிமன்றத்தில் படையினர் அறுவர் விடுதலையாயினர். 2006 ஆகஸ்டில் புலிகள் மூதூருக்குள் நுழைந்து போர் மூண்டபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினர் என்பதையும் மறைக்கலாகாது. குடிப்பரம்பலை மாற்றுவதும் மக்களை விரட்டுவதும் தம்மளவில் ஐந்து செயல்களுள் அடங்கா. எண்ணத்துக்குச் சான்றாகலாம், அவ்வளவே.

போர்க்குற்றம் என்பதும் சிறிய சொல்லன்று. நிவாரண ஊழியரைக் கொல்வது போர்க்குற்றம் என நிறுவ ஒரு கூட்டத்தையே அழிக்கும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டியதில்லை. பெரிய சொல்லுக்காகக் காத்திருக்கையில் சாட்சிகள் மூப்படைகின்றனர், கோப்புகள் தொலைகின்றன.

இலங்கை இனப்படுகொலை உடன்படிக்கையிற் சேர்ந்தது 1950 அக்டோபர் 12-ந் திகதி. அன்று திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கைக்கு இடமில்லை. மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டு இரண்டாண்டு ஆகியிருந்தது. 2002-ல் நடைமுறைக்கு வந்த ரோமச் சட்டத்தில் இலங்கை சேரவில்லை. ஆயினும் பழைய உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவின்படி, அதிற் சேர்ந்த நாடொன்று மற்றொன்றைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். மியன்மார்மீது 2019-ல் சின்னஞ்சிறு காம்பியா அதையே செய்தது. இலங்கையின் பேரில் வழக்காட இதுவரை எந்த நாடும் முன்வரவில்லை.