டோக்கியோ ஒலிம்பிக் வாள்வீச்சு: பெண்கள் சேபர் பிரிவு

2020 டோக்கியோ ஒலிம்பிக்கின் வாள்வீச்சுப் போட்டிகள், கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய், 2021 ஜூலை-ஆகஸ்டில் ஜப்பானின் சிபா நகரில் உள்ள மக்குஹாரி மெஸ்ஸே அரங்கில் நடந்தன. பெண்கள் தனிநபர் சேபரில் ரஷ்ய வீராங்கனை சோஃபியா பொஸ்னியக்கோவா தங்கம் வென்றார். இந்தியாவில் அந்த வாரம் பேசப்பட்டதோ சென்னையைச் சேர்ந்த சி. ஏ. பவானி தேவியைப் பற்றித்தான். ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய வாள்வீச்சு வீரர் அவர்.

ஃபாயில், எபே, சேபர் என்ற மூன்று வகைகளில் சேபரே வேகமானது. மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கைப்பகுதி தவிர, இடுப்புக்கு மேல் எங்கு பட்டாலும் புள்ளி. நுனியால் குத்தலாம், விளிம்பால் வெட்டவும் செய்யலாம். உலோக இழை கலந்த மேலங்கியில் வாள் பட்டதும் விளக்கு எரியும். இருவர் விளக்கும் சேர்ந்து எரிந்தால், தாக்குதல் உரிமை யாருக்கு என்று நடுவர் தீர்ப்பார். பார்வையாளர் குழம்புவது இங்கேதான். முதலில் 15 புள்ளி எடுப்பவருக்கு வெற்றி.

ஜூலை 26 அன்று பவானி, துனீசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என வென்றார். முதல் பாதியில் எதிராளிக்கு ஒரு புள்ளிகூட விடவில்லை. அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புரூனே 15-7 என அவரை வீழ்த்தினார். முடிவில் வெண்கலம் புரூனேவுக்கே கிடைத்ததால், அதை எளிய தோல்வி என்று சொல்ல முடியாது. 2023 ஆசிய சாம்பியன்ஷிப்பில் பவானி வெண்கலம் பெற்றார். அப்போது காலிறுதியில் அவரிடம் தோற்றவர் உலகச் சாம்பியன் மிசாகி எமுரா.