கணிப்பொறியும் காத்திருக்கும் மனமும்



நான் மாதவரத்தில் வாழ்பவன். இளமையில் திருவொற்றியூர் இரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்து நின்ற நாட்கள் பல. அங்கே தொங்கும் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பார்கள். முந்திய நிலையத்தை வண்டி விட்டுவிட்டது என்பது அதன் பொருள். சிறிது நேரத்தில் கைகாட்டி இறங்கும். வண்டி கண்ணுக்குத் தெரியுமுன்னரே கூட்டத்தின் முகம் மலர்ந்துவிடும். மணியும் கைகாட்டியும் வண்டியை ஒரு கணமேனும் விரைந்து வரச் செய்வதில்லை. ஆயினும் காத்திருப்பின் பாரம் குறைந்துவிடுகிறது. அஃது ஏன்? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

1856-ஆம் ஆண்டு நம் இராயபுரம் இரயில் நிலையம் திறக்கப்பெற்றது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி அவ்வாண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் அங்கிருந்து வாலாஜா சாலையை நோக்கிப் புறப்பட்டது. அன்று முதல் இயந்திரத்துக்காகக் காத்திருக்க நாம் கற்றுக்கொண்டோம். நூறு ஆண்டுகளுக்குப் பின் கணிப்பொறிக்காகக் காத்திருக்கும் காலமும் வந்தது.

தொடக்கத்தில் கணிப்பொறியோடு நேரே பேச இயலாது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-இல் ஐ.பி.எம். 370/155 என்னும் பெரும்பொறி அமைந்தது. அக்காலத்துப் பொறிகளுக்குக் கணக்கைத் துளையிட்ட அட்டைகளில் பொறித்துக் கொடுத்துவிட்டு, மணிக்கணக்கில் காத்திருந்து விடையைப் பெறுவர். அதற்காக எவரும் சினந்ததில்லை. அதுவே முறை என்று இருந்தனர்.

இதற்கிடையே, 1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் கொர்பாட்டோ என்பவரும் அவர் குழுவினரும் புதுவழி ஒன்றைக் காட்டினர். பலர் ஒரே வேளையில் ஒரு பொறியோடு உரையாடலாயினர். இங்கேதான் விந்தை பிறக்கிறது. மடல் எழுதியவன் மறுமொழிக்கு ஒரு வாரம் பொறுப்பான். ஆனால் எதிரே அமர்ந்திருப்பவன் பத்து நொடி வாய் திறவாதிருந்தால் கலங்கிவிடுவான் அன்றோ? பொறி விரைவுபெற்றது, மனிதனின் பொறுமையோ குறைந்தது.

இதனை ஆராய்ந்தவருள் முன்னோடி இராபர்ட் மில்லர். மனிதரின் உரையாடலில் இயல்பாகவே ஒரு தாளம் உண்டு என்றும், எளிய வினாவுக்குச் சுமார் இரண்டு நொடிக்குள் பொறி விடைதர வேண்டும் என்றும் 1968-இல் அவர் எழுதினார். 1993-இல் யாக்கோப் நீல்சன் மூன்று எல்லைகளை வகுத்துரைத்தார். பத்தில் ஒரு நொடிக்குள் விடை வந்தால், அது நம் கைச்செயலாகவே தோன்றும். ஒரு நொடிக்குள் வந்தால், தாமதம் தெரியுமாயினும் எண்ண ஓட்டம் அறாது. பத்து நொடியைக் கடந்தால் கவனம் வேறிடம் சென்றுவிடும்.

அப்படியாயின், நீண்ட வேலைக்கு என் செய்வது? 1985-இல் தொரண்டோ பல்கலைக்கழகத்தில் பிராட் மையர்சு சோதனை நடத்தினார். வேலை எவ்வளவு முடிந்தது என்பதை நூற்றுவீதத்தில் காட்டும் பட்டை திரையில் இருப்பதையே மக்கள் விரும்பினர். கணிப்பொறிக்கு ஒரு கைகாட்டி கிடைத்துவிட்டது!

இது வெறும் வசதி என்று எண்ணாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன், காசிமேட்டு மீனவர் ஒருவர் தம் மகளின் கல்லூரி விண்ணப்பக் கட்டணத்தைச் செலுத்தக் கணிப்பொறி நிலையம் ஒன்றுக்கு வந்தார். நானும் அங்கிருந்தேன். பொத்தானை அழுத்தினார், திரையில் அசைவே இல்லை. அரை நிமிடம் பொறுத்தார். தாம் ஏதோ பிழை செய்துவிட்டோம் என்று அஞ்சி, மீண்டும் அழுத்தினார். கட்டணம் இருமுறை போயிற்று. "எனக்குப் படிப்பில்லை சார், தப்பு என்னுடையதுதான்" என்று தலைகுனிந்தார். தவறு அவருடையதன்று, "உங்கள் கட்டளை வந்து சேர்ந்தது, சற்றுப் பொறுங்கள்" என்று ஒரு வரி எழுதாமல் அம்மென்பொருளை அமைத்தவருடையது.

அறிவிப்பு உண்மையாகவும் இருத்தல் வேண்டும். தொண்ணூற்றொன்பது காட்டிவிட்டு நெடுநேரம் அசையாது நிற்கும் பட்டையால் பயன் என்ன? கைகாட்டியை இறக்கிவிட்டு வண்டியை விடாத நிலைய அதிகாரியை மக்கள் மறுநாள் நம்புவரோ?

மாணவர்களே! உங்களுள் பலர் நாளை மென்பொருள் அமைப்பீர்கள். விரைவைத் தேடுங்கள், நன்று. விரைவு இயலாத இடத்தில் உண்மையைச் சொல்லுங்கள். திரைக்கு இப்பால் அமர்ந்திருப்பவர் காசிமேட்டு மீனவர் என்பதை ஒருபோதும் மறவாதீர்கள்.